ஜான்சனும் துரையும் கொடுத்த கை

1995-ஆம் வருஷத்து அறுப்பின் பண்டிகையன்று, நெம்மேலிக்குத் தெற்கே இருக்கும் சின்ன தேவாலயத்தின் வாசலில், ஜான்சனும் அவன் மச்சான் துரையும் சமாதானத்துக்காகக் கை கொடுத்துக்கொண்டார்கள். அந்தக் கை எட்டு வருஷம் பிரியவில்லை. அந்த வாரம் தேங்காய் மூன்று ரூபாய், சங்கரா மீன் கிலோ முப்பது, மழை தாமதம்.

கை கொடுக்க வைக்கச் சொல்லிப் போதகரிடம் கேட்டவள் சாராள். ஒருவன் அவளுக்குப் புருஷன், மற்றவன் கூடப் பிறந்த தம்பி. மூன்று வருஷத்துக்கு முன் இதே பண்டிகையில்தான் சண்டை மூண்டது. காணிக்கையாக வரும் காய்கறி, கோழி, வாழைத்தார் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். சாராள் தன் கொல்லையில் காய்த்த பரங்கிக்காய் ஒன்றைக் கொடுத்திருந்தாள். பெண்டாட்டி வளர்த்தது வெளியே போகக் கூடாது என்று ஜான்சன் விலை கேட்டான். அக்கா வளர்த்தது என்று துரையும் கேட்டான். ஏற்றிக்கொண்டே போய், ஆட்டுக்குட்டி வாங்குகிற விலைக்குப் பரங்கிக்காய் ஜான்சன் தலையில் விழுந்தது. "என் அக்கா வூட்டுக் காய்க்கு மாமா இன்னாத்துக்குப் போட்டி போட்டுகினு வர்றாரு?" என்றான் துரை. "அந்தக் கொடிக்குத் தண்ணி எட்து ஊத்தனது யார்ரா, உங்க நைனாவா?" என்றான் ஜான்சன். செத்துப்போன அப்பாவை இழுத்ததுதான் வினையாகிவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது. வீடுகள் இரண்டும் ஒட்டி ஒட்டி இருந்தன. அந்த வாசலில் கேட்டதை இந்த வாசலில் சொல்லி, இங்கே சொன்னதை அங்கே கொண்டுபோய்ச் சாராளுக்குக் கால் ஓய்ந்தது. அதனால்தான் கேட்டாள்: "ரெண்டு பேரும் கை குடுத்துகினா போதும் பாஸ்டரய்யா, வேற ஒண்ணும் வேணாம் எனக்கு." கேட்டது கிடைத்தது. சபை கைதட்டியது. பந்திக்குப் போகிறபோதுதான் கை வரவில்லை என்று தெரிந்தது.

தேங்காய் எண்ணெய் ஊற்றினார்கள், சோப்புத் தண்ணீரில் ஊற வைத்தார்கள், நாலு நாலு பேராய்ப் பிடித்து இழுத்தார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், தோல் தனித்தனி, எலும்பு தனித்தனி, ஒட்டு ஒன்றும் இல்லை, விடமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லி, ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதாகவும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். ஊர் பழகிக்கொண்டது. ஒருவன் நேராக நடந்தால் மற்றவன் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தான். சாராள் இருவர் சட்டைக்கும் வலது கையை நீளப் பிரித்துக் கொக்கி வைத்துத் தைத்தாள். ஜான்சன் கொத்தனார், துரை வயரிங் வேலை. காலையில் ஒருவன் இடது கையால் பூசினான், மத்தியானத்துக்கு மேல் மற்றவன் இடது கையால் ஸ்க்ரூ முடுக்கினான். இத்தனைக்கும் பேச்சு மட்டும் இல்லை. ஒரு சாண் தூரத்தில் மூச்சு முகத்தில் பட உட்கார்ந்துகொண்டு, "அக்கா, உங்க வூட்டுக்காரரைக் கொஞ்சம் நவுரச் சொல்லு, நான் தண்ணி குடிக்கணும்" என்பான் துரை. "உன் தம்பியாண்ட சொல்லு, நான் இன்னும் தூங்கிகினு கீறேன்னு" என்பான் ஜான்சன், கண்ணை மூடிக்கொண்டு. சாராள் நடுவில் நின்று இரண்டையும் சொல்வாள். பேச்சில்லாத சமாதானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் அவர்கள் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸுக்குச் சுவர் பூசப் போனார்கள். அந்த வீட்டு அமிர்தவல்லி டீச்சர், தெற்கே சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், கணக்கு வாத்தியார், எதையும் முறைப்படி செய்கிறவர். இதற்கெல்லாம் உலக சாதனைப் புத்தகம் என்று ஒன்று உண்டு என்று சொல்லி, அன்றைக்கே சீமைக்குக் கடிதம் போட்டார். எட்டு மாதம் கழித்து விதிமுறைகள் வந்தன. டீச்சர் பஸ் ஏறி வந்து, சாராள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். இருவரும் தங்கள் சொந்த விருப்பத்தில்தான் கை கொடுத்திருப்பதாக வாயால் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும். துரை கடலைப் பார்த்துக்கொண்டு, "மாமாவுக்கு விருப்பம்னா எனக்கும் விருப்பம்னு சொல்லுக்கா" என்றான். "அவன் மொதல்ல சொல்லட்டும்" என்றான் ஜான்சன். டீச்சர் அதுவே போதும் என்று எழுதிக்கொண்டார். அடுத்தது, எந்நேரமும் சாட்சி இருவர் இருக்க வேண்டும், அவர்கள் கை கொடுப்பவர்களுக்கு ரத்தத்தாலோ கல்யாணத்தாலோ உறவாகாதவர்களாக இருக்க வேண்டும். "நான் தெனம் பாத்துகினு கீறேனே டீச்சரம்மா, நான் போதாதா?" என்று கேட்டாள் சாராள். "நீ போதாதும்மா. நீ அவங்களுக்கு வேண்டியவ." கடைசி விதிதான் பெரிய விதி. கையைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் அது கை கொடுப்பதாகாது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். இதுவரை பிடித்திருந்த காலம் கணக்கில் வராது, ஆட ஆரம்பித்த நிமிஷத்திலிருந்துதான் கணக்கு.

அங்கேதான் சிக்கல் வந்தது. துரை மேலே தூக்கும்போது ஜான்சன் கீழே அழுத்தினான். ஜான்சன் தூக்கும்போது துரை அழுத்தினான். தோள்பட்டை இரண்டும் வீங்கியதுதான் மிச்சம். சாராள் அடுப்படியில் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். "மேல தூக்குடா, மண்டு" என்று புருஷன் குரல் கேட்டது. நாலைந்து வருஷமாக அவள் வழியாகப் போகாத ஒரு சொல்லும் அந்த இருவருக்கு நடுவே போனதில்லை. கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் பொறுத்து, "கீழ, மாமா. கீழன்னா கீழ" என்றது தம்பியின் குரல். மேல, கீழ, மேல, கீழ. கருவாடு கரிந்து போயிற்று. அன்றைக்கு அதை ஒருவரும் குறை சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் அந்த ஆட்டம் மூச்சு மாதிரி ஆகிவிட்டது, தூக்கத்திலும் நிற்கவில்லை. அந்தத் தெருவில் யாரும் யாருக்கும் உறவில்லாமல் இல்லை என்பதால் சாட்சிகளை டீச்சர் வெளியிலிருந்து கொண்டுவந்தார். அவரே, அவர் வீட்டுக்காரர் தாமோதரன், தாமோதரனின் தங்கை நர்ஸ் லதா, தபால்காரர் வாசுதேவன், பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்த தனகோடி என்று முறை போட்டு வந்து உட்கார்ந்தார்கள். லதாவுக்குச் சாயந்திர முறை. இரண்டு வருஷம் தினமும் துரையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், பிறகு முகத்தையும் பார்க்க ஆரம்பித்தாள். அவர்கள் காதலித்த நேரத்தில் எல்லாம் ஜான்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தரிக்காய் விலை பற்றித் தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தான். "மாமா, கொஞ்சம் மெதுவா பேசு, அவ சொல்றது காதுல வுழல" என்பான் துரை. இரண்டு வீட்டிலும் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. தாலியைத் துரையின் இடது கையும் ஜான்சனின் இடது கையும் சேர்ந்து பிடிக்க, நாத்தனார் முறைக்குச் சாராள் மூன்று முடிச்சையும் தானே போட்டாள். ராத்திரிக்கு என்ன செய்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் ஜான்சன் ஒரு வாசல் திறந்தான். தச்சர் வந்து, கதவின் ஓரத்தில் மணிக்கட்டு நுழையும் அளவுக்கு ஒரு வெட்டு வெட்டிக் கொடுத்தார். கதவு சாத்தியிருக்கும், வெட்டில் கை ஆடிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் கல்யாணம் ஆனதும் லதா உறவாகிவிட்டாள், அவளோடு தாமோதரனும் டீச்சரும் உறவாகிவிட்டார்கள். டீச்சர் தன் பெயரைத் தானே அடித்துவிட்டு வேறு ஆள் தேடினார். வந்தவர்களும் நிலைக்கவில்லை. ஒருவர் பெண் கொடுத்தார், ஒருவர் பெண் எடுத்தார். வாசுதேவனின் மகனே ஜான்சனின் சித்தப்பா மகளைக் கட்டிக்கொண்டான். இத்தனை வருஷம் ஒரு வாசலில் உட்கார்ந்தால் வேறு என்ன நடக்கும்?

2003-இல் துரையின் மகள் சுஷ்மிதாவுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. சாட்சி சொல்லப் பழகிய எல்லோரும் பாயசத்துக்கு வந்திருந்தார்கள். குழந்தை வாசற்படியில் தத்தி நின்று சறுக்கியது. ஜான்சன் பிடித்தான், துரையும் பிடித்தான். இருவரும் வலது கையால் பிடித்தார்கள். குழந்தை அழவில்லை. கை இரண்டும் தனியாக இருப்பதை முதலில் பார்த்தவள் சாராள்தான்.

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்தார். முடிந்த நேரத்துக்கு உறவில்லாத இருவர் கையெழுத்துப் போட்டால் சாதனை எழுதப்படும், இல்லாவிட்டால் இல்லை. "சொந்தம் இல்லாதவங்க ரெண்டு பேர் முன்னால வாங்க" என்றார். ஒருவரும் வரவில்லை. தனகோடிக்கு உண்மையிலேயே எந்த உறவும் இல்லை. அவளைப் பார்த்தார்கள். "பாக்காத என்னை. தொரை எனக்குத் தம்பி மாரி. சொந்தமில்லன்னு என் கையால எழுதித் தர மாட்டேன், ஆமா" என்று சொல்லிவிட்டு அவள் பாயசத்தை ஊதிக் குடித்தாள். டீச்சர் ரோட்டுக்கு ஓடி ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தினார். டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னா அத்த, லதாக்கா வூட்டு விசேஷமா?" என்றான்.

துரைக்குக் கேளம்பாக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடி ஒன்றில் வயரிங் வேலை காத்திருந்தது. இரண்டு நாளில் பெண்டாட்டி பிள்ளையோடு அங்கே போய்விட்டான். ஜான்சன் வலது கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது வெள்ளையாக, தண்ணீரில் ஊறினது போல இருந்தது. ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. ஒருநாள் சாப்பிடும்போது, "உன் தம்பி போன் கீன் பண்ணானா?" என்று கேட்டான். உன் தம்பி. பழைய பேச்சு. இனி இந்த வாசலுக்கும் கேளம்பாக்கத்துக்கும் தான் நடக்க வேண்டுமோ என்று நினைத்தாள் சாராள். அங்கே பஸ்ஸுக்கே முக்கால் மணி நேரம்.

சாதனை அலுவலகத்தின் பதிலை வாசுதேவன்தான் கொண்டுவந்தார். டீச்சர் வந்து படித்தார். முடிவைத் தகுதியுள்ள சாட்சி எவரும் பார்க்கவில்லையாதலால் முயற்சி முடிந்ததாகக் கொள்ள இயலாது, அது இன்னும் நடந்துகொண்டிருப்பதாகவே இந்த அலுவலகம் கருதுகிறது, வாழ்த்துகள் என்று எழுதியிருந்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். ஜான்சனின் வலது கை மடியிலிருந்து எழுந்து மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. விரல்கள் எதையோ பிடித்த மாதிரி பாதி மடங்கியிருந்தன. "தோ, ஏணில ஏறான்" என்றான் ஜான்சன். "நான் ஒருத்தன் கீழ புடிச்சுகினு இல்லாம ஏறாதடான்னா கேக்கறானா?" கேளம்பாக்கத்தில் அதே நேரம் துரை ஏணியில்தான் இருந்தான் என்றும், வலது கை ஆட ஆரம்பித்ததும் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இரு மாமா, இறங்கறேன்" என்று சொன்னான் என்றும் லதா பிறகு போனில் சொன்னாள்.

அதிலிருந்து அப்படித்தான். பஸ்ஸில் ஜான்சனுக்குப் பக்கத்து இருக்கையைக் கண்டக்டர்கள் கை ஆடுவதற்காகக் காலியாக விட்டார்கள். துரையின் இன்ஜினியர் அவன் கை நிற்கும் வரை மெயின் சுவிட்சைப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் துரை வீட்டுக்கு வரும்போது இருவரும் அருகருகே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், கை தனித்தனியாக ஒரே தாளத்தில் ஆடியது. மற்ற நாட்களில் சாராள் புருஷனுக்குப் பரிமாறும்போது அந்தக் கையைப் பார்த்துக்கொள்வாள். அது உயரத்தில் நின்றால் தம்பி ஏணியில் இருக்கிறான். ரசக் கரண்டியைப் பிடித்தபடியே நிற்பாள். கை கீழே வரும், அவள் ஊற்றுவாள்.