தயிர்ச்சட்டித் தண்ணீர்

காலை ஏழு மணிக்கெல்லாம் சுஹைராவின் முற்றம் கூட்டி முடிந்துவிடும். கிண்ணியாவில் அந்தத் தெருவில் அவளுடையதைப் போல் துப்புரவான வளவு வேறில்லை. சோற்றைக் கொட்டி அள்ளித் தின்னலாம் என்பார்கள். தோப்பூரிலிருந்து எருமைத் தயிர் சட்டி சட்டியாக வந்திறங்கும். அதை வீட்டில் வைத்து விற்றுத்தான், கணவன் மௌத்தான பிறகு, அவள் யார் கையையும் எதிர்பாராமல் வாழ்ந்தாள். வாய் உடைந்த சட்டிகளும் ஆட்கள் திருப்பிக் கொண்டுவந்து தரும் வெறுஞ்சட்டிகளும்தான் அவளுக்குத் தொல்லை. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். பின்மதிலுக்கு மேலால் ஒரே வீச்சு. அந்தப் பக்கம் கத்தாரில் இருக்கும் யாரோ ஒருவரின் வெறுங்காணி. கேட்க ஆளில்லை.

வெறுங்காணிக்கு அடுத்த வீட்டில் ஸல்ஹா இருந்தாள். சுஹைராவுக்குக் கூடப்பிறக்காத தங்கை. கல்யாணமாகி ஒன்பது வருடம் ஊரார் வாய்க்குள் விழுந்து எழும்பி, இப்போதுதான் அவளுக்கு ஏழு மாதம். நாளும் மத்தியானம் சுஹைரா தன் கையாலேயே ஒரு கோப்பை தயிர் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

"புள்ள உதைக்குது ராத்தா, கையை வெச்சுப் பாருங்க."

"உதைக்கட்டும், உதைக்கட்டும். ஒன்பது வருசம் எங்களைக் காக்க வெச்சதுக்கு வெளியில வரட்டும், நான் திருப்பிக் குடுக்கிறன்!"

இருவரும் சிரிப்பார்கள். 

மாரி மழை பிடித்ததும், டெங்கு பரவுகிறது, வளவுகளைத் துப்புரவாக்குங்கள் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வெள்ளிக்கிழமை சுகாதாரப் பரிசோதகர் வருவாராம். சுஹைரா சொன்ன சொல் தட்டாதவள். மிச்சமிருந்த முப்பது, நாற்பது சட்டிகளையும் அன்றைக்கே மதிலுக்கு மேலால் அனுப்பிவிட்டாள். நம்மில் பலருக்குத் துப்புரவு என்பது இவ்வளவுதான்.

பரிசோதகர் கிருஷாந்த் பூச்சாடி முதல் தண்ணீர்த் தொட்டி வரை எட்டிப் பார்த்தார்.

"அக்கா, எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா எனக்கு வேலையே இல்ல. அங்கால ஆரின்ட காணி?"

"அது எங்கட இல்ல சேர்."

அது உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் அவள் ஒளிந்துகொண்டாள். காணியின் கேற் பூட்டிக் கிடந்தது. பரிசோதகர் அதில் ஓர் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போனார்.

அதிலிருந்து மூன்றாம் வாரம் ஸல்ஹாவுக்குக் காய்ச்சல் வந்தது. மீன்பிடிக்கும் கணவன் இஹ்ஸான் தோணியை அப்படியே விட்டுவிட்டு அவளைத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினான். டெங்கு என்றார்கள். ஆறு நாள் போராடி ஸல்ஹா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. உயிரில்லாமல் பிறந்த அந்தப் பெண்பிள்ளையைக் குளிப்பாட்டி, கபன் துணியில் பொதிந்து, ஸைனப் என்று பெயரும் வைத்து அடக்கினார்கள். இஹ்ஸான் அந்தச் சின்னப் பொதியைக் கைகளில் ஏந்தி மையவாடிக்கு நடந்துபோனதைக் கண்டு தெருவே அழுதது. சுஹைரா குழறி அழுதாள்.

அதற்குப் பிறகு புகையடிக்க ஆட்கள் வந்தார்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். கிருஷாந்த் பூட்டை உடைத்து வெறுங்காணிக்குள் இறங்கினார். சுஹைராவையும் கூப்பிட்டார். புல்லுக்குள் சட்டிகள் சிதறிக் கிடந்தன. ஒன்றுக்குள் டோர்ச் அடித்தார். நாலு விரல் தண்ணீர். அதற்குள் நூறு புழுக்கள் நெளிந்தபடி மேலே வந்து மூச்செடுத்துக் கீழே போயின.

"பாருங்க அக்கா. திமிங்கிலத்துக்கு எங்கட கடல் எப்பிடியோ, டெங்கு பரப்பிற நுளம்புக்கு இந்தச் சட்டி அப்பிடி. சாப்பாடு இருக்கு, நிழல் இருக்கு, அதைப் பிடிச்சுத் தின்ன ஒரு மீன் இல்ல. எட்டுப் பத்து நாளில செட்டை முளைச்சுப் பறந்திடும். இதெல்லாம் ஆரின்ட சட்டி எண்டு தெரியுமோ?"

"தெரியா சேர்."

அந்தத் தெருவில் தயிர் விற்பவள் அவள் ஒருத்திதான். கிருஷாந்த் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டிகளைக் கவிழ்க்கத் தொடங்கினார்.

இரண்டு நாள் சுஹைராவுக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் ஸல்ஹா இனி முகத்தில் விழிக்கமாட்டாள். சொல்லாவிட்டால் ஸல்ஹாவின் முகத்தைத் தன்னால் பார்க்க ஏலாது. மூன்றாம் நாள் எழுந்து ஸல்ஹாவின் வீட்டுக்குப் போனாள். ஸல்ஹா கட்டிலில் சாய்ந்திருந்தாள். குடிக்கப் பிள்ளையில்லாத பால் கசிந்து அவளுடைய சட்டை நனைந்திருந்தது.

"வாங்க ராத்தா. ஏன் இவ்வளவு நாளும் வரல்ல?"

சுஹைரா நின்றபடியே சொன்னாள்.

"பக்கத்துக் காணியில நுளம்புப் புழு நூறு நூறா நெளிஞ்ச சட்டியெல்லாம் நான் எறிஞ்சது, ஸல்ஹா. பரிசோதகர் கேக்கக்குள்ள தெரியா எண்டு பொய் சொன்னனான். எனக்கு ஏசு. அடி. சும்மா மட்டும் இருக்காத."

ஸல்ஹா ஏசவில்லை. வற்றிப்போன தன் வயிற்றின் மேல் கையை வைத்தாள்.

"ஒரு உடைஞ்ச சட்டி, ராத்தா. அது நூறு உயிரை வளர்த்துப் பறக்க விட்டிருக்கு. என்ட வயிறு ஒண்டே ஒண்டைத்தான் வளர்த்திச்சு. அதை வளர்த்து முடிக்க நீங்க விடல்லையே."

சுஹைரா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்து அழுதாள். 

"இங்க இருந்து அழாதீங்க," என்றாள் ஸல்ஹா. "இந்தத் தெருவில இன்னும் நாலு பிள்ளைத்தாச்சி இருக்கிறாங்க. வீடு வீடாப் போய் உங்கட வாயாலயே சொல்லுங்க. குப்பையை மதிலுக்கு அங்கால கொட்டினா அது துப்புரவு இல்ல. அங்கால இருக்கிறவங்களுக்குச் செய்யிற கொலை."

சுஹைரா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முதல் வீட்டில் மைமூனா நிறைவயிற்றோடு வந்து கதவைத் திறந்தாள்.

"ஸல்ஹாட புள்ளையக் கொலை செஞ்சது நான்தான்," என்று சுஹைரா தொடங்கினாள்.