மூடியைத் திறக்காதே, நெவ்

நெவில் பார்சன்ஸ் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவருக்குத் திடீரென்று ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும். வயல்லா ஊரில் இது எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர. வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர். பக்கத்து இருக்கை காலி, அதனால் யாருக்கும் சேதாரமில்லை. ஓய்வு பெற்று வீட்டோடு உட்கார்ந்த பிறகுதான் வினை. மனைவி ரேலீன் ஒரு வருஷம் தாக்குப்பிடித்தாள். பிறகு குவீன்ஸ்லாந்தில் தங்கையோடு இருக்கப் போய்விட்டாள். சண்டை ஒன்றுமில்லை. காதுக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஓய்வு இன்னும் முடியவில்லை.

பாம்பு வளர்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. அது பாதிப் பேச்சில் எழுந்து போகாது.

டாட் என்பவள் தன் வீட்டுக் கொட்டகையில் மலைப்பாம்பு முட்டைகளைப் பொரிக்க வைத்துக் குட்டிகளை விற்பவள். தானாக மூன்று தடவையாவது தின்னாத குட்டியை அவள் யாருக்கும் விற்கமாட்டாள். அந்த வருஷம் ஒரு குட்டி பொரித்ததிலிருந்து வாயே வைக்கவில்லை. பென்சில் தடிமன்தான் இருக்கும். அதை நெவிலுக்குச் சும்மாவே கொடுத்தாள், ஒரு நிபந்தனையோடு.

"தின்ன வச்சுட்டன்னா உனக்கு. மாசக் கடைசி வரைக்கும் தின்னலன்னா கொண்டாந்துரு நெவ். பட்டினி கெடந்து சாக விடமாட்டேன். டாக்டர்கிட்ட கொண்டுபோய், வலியில்லாம சாக ஊசி போட்டுருவேன்."

நெவில் அதற்கு மாவிஸ் என்று பேர் வைத்தார். பேர் வைத்த பிறகு ஊசியைப் பற்றி நினைக்கவே பயமாக இருந்தது. உறைந்த எலிக்குஞ்சை வெந்நீரில் இளக்கி, இடுக்கியில் பிடித்து அதன் மூக்குக்கு முன்னால் ஆட்டினார். மாவிஸ் தலையைத் திருப்பிக்கொண்டது. குட்டிப் பாம்புக்குப் பல்லி வாசம் பிடிக்கும் என்று டாட் ஒரு பல்லித் தோல் கொடுத்தாள். அதை எலிக்குஞ்சின் மேல் தேய்த்துப் பார்த்தார். அதுவும் நடக்கவில்லை. பெட்டிப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூடியைத் திறந்து, சாப்பிடு கண்ணு என்று கெஞ்சினார். லாரிக் கதை சொன்னார், ரேலீன் கதை சொன்னார். அவர் சொல்லச் சொல்ல மாவிஸ் சுருண்டு சுருண்டு ஒரு பொத்தான் அளவுக்கு ஆகிவிட்டது.

மாசக் கடைசி நெருங்கும்போது டாட் வந்து பார்த்தாள். பாம்பைப் பார்ப்பதற்கு முன்னால் நாற்காலியைப் பார்த்தாள். பெட்டிப் பக்கத்தில் மேஜை முழுக்கத் தேநீர்க் கோப்பையின் வட்டக் கறைகள்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ தெறப்ப?"

"சும்மா, எட்டிப் பாக்கத்தான். அதுக்கும் துணை வேணும்ல?"

"யப்பா நெவ், அதுக்கு நீ துணை இல்ல. நீ கூக்கபரா, பாம்பப் புடிச்சுத் திங்கிற பறவ. ஒவ்வொரு தடவ மூடி தெறக்கும்போதும், தன்னத் திங்க வந்துட்டாங்கன்னுதான் அது நெனைக்கும். சாகப்போறோம்னு இருக்கிறது எப்படிச் சாப்பிடும்?"

அவள் ஒரு சின்னப் பெட்டியில் செய்தித்தாளைக் கசக்கிப் போட்டு, மாவிஸையும் பல்லி வாசம் ஏற்றிய எலிக்குஞ்சையும் உள்ளே விட்டு, துணி அலமாரிக்குள் வெப்பத்தட்டின் மேல் வைத்துக் கதவைச் சாத்தினாள். இரண்டு ராத்திரி நெவில் இந்த வீட்டில் இருக்கக்கூடாது என்றாள். இருந்தால் திறந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். இதுவும் பலிக்காவிட்டால் ஊசிதான்.

"போறதுக்கு எடம் இருக்கா?"

"எடமா? அது நெறைய. எங்க போறதுன்னுதான் குழப்பமே," என்றார் நெவில்.

ரேலீனுக்குப் போன் செய்தார். பாம்புக் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லி, அங்கே வரட்டுமா என்று கேட்பதற்குள் அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று அவள் வைத்துவிட்டாள். அடிலெய்டில் இருக்கும் மகன், வீட்டில் வர்ணம் அடிக்கிறார்கள் என்றான். அதே கம்பெனியில் லாரி ஓட்டிய கெவின் போனையே எடுக்கவில்லை. கடைசியில் நெவில் போர்வையைக் காரில் போட்டுக்கொண்டு, வடக்கே நெடுஞ்சாலையில், லாரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிடும் ரோட்ஹவுஸுக்குப் போனார். ஒரு காலத்தில் அங்கே அவருடைய லாரியின் ஹாரனைக் கேட்டே முட்டையை வாணலியில் உடைப்பார்கள். இப்போது கல்லாவில் இருந்த பெண் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

நல்ல பசி. கறித்துண்டும் வறுத்த உருளைக்கிழங்கும் வந்தன. முதல் வாய் எடுப்பதற்குள் எதிர் நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். கேரவன் இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவராம். தன் ஜெனரேட்டரின் வரலாற்றை ஆரம்பித்தார். அதிலிருந்து தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து முழங்கால் ஆபரேஷன். சரியான ரம்பம். நெவில் தலையாட்டிப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கழுத்து தானாக உள்ளே போயிற்று. முள்கரண்டி கையிலேயே இருந்தது, வாய்க்குப் போகவில்லை. உருளைக்கிழங்கு ஆறிப்போயிற்று. கடைசியில் நெவில் எழுந்தார்.

"மன்னிச்சுக்குங்க தலைவா, ஒரு வேலை ஞாபகம் வந்துருச்சு."

அந்த ஆளின் முகம் சுருங்கியதை நெவில் பார்த்தார். சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்தார். எத்தனை பேர் எத்தனை வருஷமாக இதே வார்த்தையைத் தன்னிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. ரேலீன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தான் பேசாமல் இருந்த ஒரு நாளை நினைத்துப் பார்க்க முயன்றார். கிடைக்கவில்லை. திரும்பிப் போய் அந்த ஆளோடு உட்காரலாமா என்றும் தோன்றியது, தைரியம் வரவில்லை. இரண்டு நாளும் காரில்தான் கிடந்தார், யாரிடமும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து, பெட்டி மூடியை ஒரு விரல் அளவு தூக்கினார். எலிக்குஞ்சு இல்லை. மாவிஸின் நடு உடம்பில் ஒரு சின்னப் புடைப்பு. நெவிலுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணே என்று தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, மூடியைச் சத்தமில்லாமல் வைத்து, அலமாரியைச் சாத்தினார். பிழைத்துவிட்டது. அவர் இல்லாததால்தான் பிழைத்தது. இரண்டையும் சேர்த்து மனசில் வைத்துக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும். ரேலீனுக்குப் போன் போட்டார்.

"பாம்பு சாப்பிட்டுருச்சு."

"எந்தப் பாம்பு?"

இரண்டு நாள் முன்னால்தான் அரை மணி நேரம் சொன்ன கதை. நெவில் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் வளக்குறேன். சின்னது."

அதோடு நிறுத்திக்கொண்டார். சொல்ல நிறைய இருந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நெவ்? இருக்கியா?"

"இருக்கேன்."

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே?"

"ஒண்ணுமில்ல."

அவள் பேசட்டும் என்று காத்திருந்தார். அவள் வீட்டில் ஏதோ பாத்திரம் நகரும் சத்தமும், தூரத்தில் நாய் குரைப்பதும் கேட்டன. அவள் ஒன்றும் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை.