வைஜெயந்தியின் மோவாய்

மரக்காணம் உப்பளத்தில் காலை ஏழு மணிக்கு வானம் இரண்டு. ஒன்று மேலே, இன்னொன்று பாத்தித் தண்ணீரில். நடுவில் வரப்பில் நடந்து போகும்போது மண்ணில் நடக்கிறோமா மேகத்தில் நடக்கிறோமா என்றே வைஜெயந்திக்குத் தெரியாது. கால் வரப்பில் இருக்கும், மனசு எங்கேயோ மிதக்கும். பலகையால் உப்பை இழுக்கிறபோதுகூட மேகத்தைத்தான் கரைக்கு இழுத்து வருகிறோம் என்று தோன்றும். பன்னிரண்டு வருஷமாக அந்த மயக்கம் அவளுக்கு அலுக்கவில்லை.

அலுத்தது ஒன்றே ஒன்றுதான். அது அவளுடைய மோவாய்.

உப்பளத்து வேலைக்கு வருவதற்கு முன்பே, இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அங்கே முடி முளைக்க ஆரம்பித்தது. பூனைமுடி என்று சொல்லித் தப்பிக்க முடியாத முடி, கருகருவென்று, சொரசொரவென்று. விடிவதற்குள் புருஷனுடைய ரேசரை எடுத்து மழித்துவிடுவாள். மழித்த இடமெல்லாம் பருவும் புண்ணும். உப்பு லாரி ஓட்டும் புருஷோத்தமன், "எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்பான். நிஜமாகவே தெரியவில்லையா, தெரியாத மாதிரி இருக்கிறானா என்று அவள் கேட்டதில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் விட்டால்தான் குடும்பம் ஓடும்.

உப்பளத்தில் மற்ற பெண்கள் தலைக்கு மட்டும் துண்டு கட்டுவார்கள். வைஜெயந்தி வாயையும் மோவாயையும் சேர்த்துக் கட்டுவாள். கேட்டால், "உப்புக் காத்து எனக்கு ஒத்துக்கல" என்பாள். மத்தியானம் எல்லாரும் கீற்றுக் கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறப்பார்கள். இவள் மட்டும் உப்புக் குவியலுக்குப் பின்னால் போய், முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவாள். கொட்டகையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. அந்தச் சிரிப்புக்குள் ஒருநாள் வெறும் முகத்தோடு போய் உட்கார வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். மாடமாளிகை கேட்கவில்லை பாவம், வட்டத்தில் ஒரு இடம்தான் கேட்டாள்.

போன மழைக்காலத்தில் துணிந்துவிட்டாள். திண்டிவனத்தில் தோல் டாக்டர் ரேணுகாவைப் போய்ப் பார்த்தாள். டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை.

"லேசர்னா மந்திரம் இல்லம்மா. ஆறேழு தடவை வரணும். முடி கொறையும், மெலிசாவும். மழிக்கிறதால வர்ற பருவும் போயிடும். உங்களுக்கு ஹார்மோன் கோளாறு இருக்குது, அதனால கொஞ்சம் திரும்பவும் முளைக்கலாம். ஒண்ண மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. இந்த வெளிச்சம் கருப்பு நெறத்தைத் தேடிப் போவும். முடி கருப்பா இருந்தா முடியைச் சுடும். வெயில்ல தோல் கருத்திருந்தா தோலையும் சேத்துச் சுட்டுடும். மூஞ்சில வெயிலே படக்கூடாது."

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் உப்பளம் மழையில் மூழ்கிக் கிடக்கும் மாதங்கள். மாதம் ஒரு தடவை போய் வந்தாள். ரப்பர் பேண்டால் சுண்டிவிட்ட மாதிரி வலி, அவ்வளவுதான். திரும்பும் பஸ்ஸில் பெருமுக்கல் மலை மழையில் கரைந்து தெரியும். ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம் அந்த மலைமேல் மிதந்துகொண்டே கூட வரும். மூன்றாவது தடவை முடிந்தபோது மோவாயில் விரல் வழுக்கியது. பருவும் அடங்கிவிட்டது. மரக்காணம் வரும்வரை தடவிக்கொண்டே வந்தாள். இது யாருடைய முகம் என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

தையில் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை வந்ததால் நாலாவது தடவை தள்ளிப்போனது. மாசியில் உப்பு பூத்தது. துணி இறுக்கி உரசினால் மறுபடி பரு வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டு, புடவைத் தலைப்பை நெற்றிக்கு முன்னால் தாழ்வாரம் மாதிரி இழுத்துவிட்டு, அதன்மேல் துண்டைக் கட்டினாள். மேலேயிருந்து ஒரு பொட்டு வெயில் முகத்தில் விழாது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். இந்த நாலாவது தடவை முடியட்டும், மறுநாளே கொட்டகையில் போய் உட்கார்ந்துவிடுவது என்று முடிவும் செய்துவிட்டாள்.

"வெயில்ல போனீங்களா?" என்று கேட்டார் டாக்டர், நாலாவது தடவைக்குப் போனபோது.

"மூஞ்சில வெயிலே படல மேடம்."

அவள் பொய் சொல்லவில்லை. மனசார நம்பித்தான் சொன்னாள். டாக்டரும் நம்பினார்.

அன்றைக்குச் சுண்டவில்லை, சுட்டது. சாயங்காலத்துக்குள் மோவாய் முழுக்கக் கொப்புளம். பத்து நாளில் அது உதிர்ந்து, வரிசையாகக் கருப்பு வட்டங்கள் நின்றன. முடி இருந்தபோதாவது மழித்துவிட்டுப் போக முடிந்தது. இதை எதைக் கொண்டு மழிப்பது? கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அழுதாள். எப்படி ஆனது என்று டாக்டருக்கும் விளங்கவில்லை. களிம்பு கொடுத்து, "மாசக்கணக்குல மாறிடும். துணி கட்டாதீங்க, வெயில்ல நிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார்.

மேஸ்திரி மனசு இரங்கி, கொட்டகைக்குள் சாக்கு தைக்கும் வேலை கொடுத்தார். கொட்டகையில் ஒளிந்துகொள்ள உப்புக் குவியல் ஏது? மத்தியானம் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரும் அம்சவல்லி நேராக எதிரில் வந்து குந்தினாள்.

"இன்னாடி ஆச்சு மோவாய்ல?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? முடி, ரேசர், லேசர் எல்லாவற்றையும் சொன்னாள். "மேலேருந்து சொட்டு வெயில் படலக்கா. எப்படிக் கருத்துச்சுன்னே தெரியல."

யாரும் சிரிக்கவில்லை. அம்சவல்லி அண்ணாந்து காட்டினாள். மோவாய்க்கு அடியில், மூக்குக்கு அடியில், கழுத்து வரைக்கும் கன்னத்தைவிட அட்டக்கருப்பு. பக்கத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக அண்ணாந்தார்கள். அத்தனை பேருக்கும் அடிமோவாய் கருத்திருந்தது.

"உப்புல பட்டு வெயில் கீழேருந்துதான்டி அடிக்கும். நேத்து வேலைக்கு வந்த பொண்ணுக்குக்கூட இது தெரியும். நீ வாயோட சேத்துக் கட்டியிருந்த துண்டுதான் உன்னக் காப்பாத்திட்டு இருந்திச்சு."

இரண்டு வானத்துக்கு நடுவில் பன்னிரண்டு வருஷம் நடந்தவள், கீழ் வானத்திலும் ஒரு சூரியன் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

"எனக்கு மட்டும் ஏன்க்கா தெரியாம போச்சு?"

"பன்னெண்டு வருசமா முதுகைக் காட்டிட்டே சோறு துன்னா, எங்க மூஞ்சி எப்படி இருக்குதுன்னு உனக்கு எப்படிடி தெரியும்?"

அந்த வார்த்தை லேசரைவிட அதிகமாகச் சுட்டது. முகத்தை மறைத்ததாக நினைத்தவள், மற்றவர்கள் முகத்தையும் சேர்த்தே இழந்திருக்கிறாள். கண்ணீர் வழிந்து மோவாயில் பட்டு எரிந்தது. துடைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அப்படியே விட்டாள்.

"மிச்சத்த ஐப்பசில போய்ப் பாத்துக்க. இப்ப நகந்து வா" என்று அம்சவல்லி கருவாட்டுக் குழம்பை அவள் பக்கம் தள்ளினாள். வட்டம் கொஞ்சம் விரிந்தது. யாரோ மேஸ்திரியின் பேச்சை எடுத்தார்கள். வேர்வையில் அவருடைய மீசைச் சாயம் சட்டைக் காலருக்கு இறங்கின கதை. இத்தனை வருஷமும் இவர்கள் சிரித்தது இதற்குத்தானா?

வைஜெயந்தி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தால் மோவாய் வலித்தது, அதற்காக நிறுத்தவில்லை.