அடுப்புக்குப் பின்னால் ஒரு மறுப்பு

ஃபெர்னாந்த் கிரியோன் வீட்டைக் காலி செய்துகொண்டு போன பிறகும் அவளுடைய மறுப்பு மட்டும் அந்த வீட்டுச் சமையலறையிலேயே தங்கிவிட்டது. மாண்ட்ரியால் நகரின் கிழக்குப் பகுதியில், ஓஷலாகா பேட்டையில், வாசலிலிருந்து வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு வைத்த மாடி வீடு அது. அடுப்புக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து குரல் வந்தது. பெரிய குரல் ஒன்றுமில்லை, கடையில் ரொட்டி கேட்கிற மாதிரிதான். தெருவில் பாதிப் பேர் அதைக் காதால் கேட்டவர்கள். மீதிப் பேர் அவர்களிடம் கேட்டு நம்பியவர்கள்.

பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் வேலை பார்த்த ஃபெர்னாந்த், கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த வீட்டில்தான் இருந்தாள். புருஷன் கண்ணை மூடியதும் அங்கேதான். வீட்டுக்காரர் கிழவர் கார்னோ வாடகையை ஏற்றினால் வாசலில் நின்று தலையைச் சொறிந்துகொண்டே சொல்வார், கொஞ்சமாகத்தான் ஏற்றுவார். அவர் காலமாகி மகன் பஸ்தியேன் கைக்குச் சாவி வந்த முதல் குளிர்காலத்திலேயே நோட்டீஸ் வந்துவிட்டது. அவள் சம்பளத்தில் பாதிக்கு மேல் விழுங்குகிற வாடகை. கீழ்வீட்டில் குடியிருந்த ஹெய்ட்டிக்காரர் வில்னேர், டாக்சி ஓட்டுபவர், அதைப் படித்துப் பார்த்தார்.

"மதாம் ஃபெர்னாந்த், வாடகையை ஒத்துக்க மாட்டேன், வீட்டை விட்டும் போக மாட்டேன்னு ஒரு மாசத்துக்குள்ள எழுதிக் குடுங்க. மிச்சத்தை வாடகைத் தீர்ப்பாயம் பாத்துக்கும். அவனால உங்களைக் கிளப்ப முடியாது."

"அவங்கப்பா நம்ம படியில பனி தள்ளின மனுஷன், வில்னேர். நான் பதிலே சொல்லப்போறதில்ல. அதுலயே அவனுக்கு உறைக்கும்."

"எப்படி உறைக்கும்? அவன் என்ன உங்க நாத்தனாரா?"

கிரியோன் குடும்பத்தில் யாரும் எதையும் மறுத்துப் பேசியதில்லை. பிடிக்காததைக் கேட்டால் பேசாமல் இருப்பார்கள், கேட்டவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். இரண்டு பெண் கேட்பு, ஒரு நிலத்தகராறு, ஒரு பாதிரியார் கேட்ட நன்கொடை எல்லாம் அப்படித்தான் முடிந்தன. ஃபெர்னாந்தும் அந்த மாதம் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்து, தன்னால் முடிந்த அளவு பலமாக மறுத்தாள். ஆனால் அந்த மாகாணத்துச் சட்டத்தில், பேசாமல் இருப்பவர் சம்மதித்தவர். பஸ்தியேன் கெடு முடிந்த மறுநாள் நல்ல பிள்ளையாகப் படியேறி வந்து, ஒத்துக்கொண்டதற்கு நன்றி என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சட்டத்தை மீறவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஊரே வீடு மாறுகிற ஜூலை முதல் தேதியில், அந்த வாடகையைக் கட்ட வழியில்லாமல் அவளும் மாறினாள். தெருவெல்லாம் மெத்தையும் குளிர்பெட்டியுமாகக் கிடந்தது. வில்னேரும் அவருடைய நண்பர்களும் சாமான்களைப் பட்டை கட்டி இறக்கினார்கள், கூலியாக பீட்சாவும் பீரும். கடைசியாக ஒரு தடவை பார்க்க மேலே போன ஃபெர்னாந்த், காலிச் சமையலறையில் சுவரைப் பார்த்து வாழ்க்கையில் முதன்முறையாகச் சொன்னாள்: "முடியாது. ஒத்துக்க மாட்டேன். இங்கேயேதான் இருப்பேன்." கீழே, புதுக் குடித்தனத்தின் லாரி ஹாரன் அடித்தது. அவள் இறங்கிப் போனாள், சொன்னது அங்கேயே நின்றுவிட்டது.

அதன்பிறகு அந்த வார்த்தை அவள் வாய்க்கு வரவேயில்லை. புறநகரில் ஒரு நிலவறை வீட்டுக்குப் போனவள், தொலைபேசியில் விற்றவர்களிடமெல்லாம் வாங்கி, ஒரே வருஷத்தில் மூன்று தரைத்துடைப்பு எந்திரங்களுக்குச் சொந்தக்காரியானாள். பக்கத்து வீட்டார் கொடுத்த இரண்டு பூனைகளையும் வாங்கிக்கொண்டாள். எழுதலாமென்றால் பேனாவும் அந்த இடத்தில் நின்றது.

பழைய வீட்டுக்கு வந்தவள் அல்ஜீரியாக்காரி நவால், ஆஸ்பத்திரியில் தாதி. அடுத்த குளிர்காலம் பஸ்தியேன் நோட்டீஸை நீட்டியபோது அவள் பேரீச்சம்பழம் மென்றுகொண்டிருந்தாள். அடுப்புக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. அவன் அவள் வாயைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், இறங்கிப் போனான். தீர்ப்பாயத்திலிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்து கேட்டு, மறுப்பு குடியிருப்புக்குள்ளிருந்தே உரிய காலத்தில் வந்திருப்பதால் செல்லும் என்றார். வாடகை சொற்பமாக ஏறியது. பிறகு தெருக்காரர்கள் தங்கள் நோட்டீஸ்களை எடுத்துக்கொண்டு அந்தச் சமையலறைக்கு வரத் தொடங்கினார்கள். படிக்கட்டில் நின்றவர்களை வரிசைப்படுத்தும் வேலையை வில்னேர் பார்த்துக்கொண்டார்.

சில வருஷங்கள் கழித்து நிலவறை வீட்டுக்கும் நோட்டீஸ் வந்தது. வில்னேர் எழுதிக் கொடுத்த மறுப்பில் ஃபெர்னாந்தின் கையெழுத்து விழ மறுத்தது. "நேர்ல வந்து உங்க சாமானை எடுத்துட்டுப் போங்க மதாம்" என்றார் அவர். பஸ் பிடித்து வந்தாள். நவால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உங்களோடதுதானே, தாராளமா எடுத்துக்குங்க" என்றாள். சொல்லும்போது அவள் முகம் சுண்டிவிட்டது. அவள் வீட்டுக்கும் அந்த வாரம்தான் நோட்டீஸ் வந்திருந்தது.

ஃபெர்னாந்த் அடுப்புப் பக்கம் குனிந்தாள். "வா, போலாம். அங்க நீ இல்லாம என்னால ஆகல."

"முடியாது" என்றது அவளுடைய குரல். "ஒத்துக்க மாட்டேன். இங்கேயேதான் இருப்பேன்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. மூன்றே வாக்கியம். அதைச் சுவரிடம் சொல்லாமல், பஸ்தியேனின் முகத்துக்கு நேரே ஒரு மாதத்துக்குள் சொல்லியிருந்தால் இந்த வீட்டில் விருந்தாளியாக உட்கார வேண்டியிருந்திருக்காது. "நல்லாத்தான் சொல்லுது" என்றாள் நவாலிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அது இருக்கட்டும்மா."

நவால் புதினாத் தேநீர் ஊற்றினாள். இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டாள். ஃபெர்னாந்துக்கு வேண்டாம்தான். கொடுக்கக் கொடுக்கக் குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் பஸ் ஏறினாள். ஜூலையிலிருந்து நிலவறைக்குப் புது வாடகை கட்டினாள்.