பன்னிரண்டு மணி லாக்

கிழங்கு மில்லின் எடைமேடைக் கம்ப்யூட்டரின் டிஸ்கில் மூன்றாவது வாரமும் இடம் தீர்ந்து எடைச் சீட்டு அச்சாகாமல் நின்றது. பாப்பிரெட்டிப்பட்டிச் சாலை வரை லாரிகள் ஹாரன் அடித்தன. அதில் ஓடும் லினக்ஸைப் பார்த்துக்கொள்ளும் ஆக்சிலியாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வண்டி வராத நேரம் என்றுதான், கம்ப்யூட்டர் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் லாக் கோப்புகளில் பழையதைத் தானாகச் சுருக்கி அழிக்கும் வேலையை நள்ளிரவு பன்னிரண்டுக்கு வைத்திருந்தாள். முதல் வாரம் சொந்த ஸ்கிரிப்ட், அடுத்து லாக்ரொட்டேட், பிறகு சேவ்லாக் என்ற ரெடிமேட் கருவிகள். எதுவும் உருப்படவில்லை என்று இப்போது நான்காவதைத் தேடினாள். தேடும்போதுதான் கண்ணில் பட்டது: தினமும் லாக் மாலை ஆறேகாலுக்கு நின்று, காலை எட்டரைக்குத்தான் மறுபடி தொடங்கியது.

எடைமேடையில் சீட்டுப் போடுபவரிடம் திரும்பினாள். "தீர்த்தண்ணா, சாயங்காலம் பூட்டறப்ப இந்தக் கம்ப்யூட்டரை என்ன பண்ணுவீங்க?"

"மெயினையே ஆஃப் பண்ணிருவேம்மா. ஏன், ராத்திரியும் அதுக்கு வேலை இருக்குதா?"

ஆக்சிலியா லாக்ரொட்டேட்டையே திரும்ப எடுத்து, ஓட வேண்டிய நேரம் பகல் பதினொன்று என்று வெடுக்கென்று அடித்தாள். உதவாது என்று அவள் தூக்கிப்போட்ட மூன்றில் ஒன்றுகூட ஒரு நாளும் ஓடியிருக்கவில்லை.