கங்கையம்மாள் வளர்த்த கருந்துளை

1987 மாசியில், மாடம்பாக்கத்தில் கங்கையம்மாள் வீட்டுக் கொல்லையில் முருங்கைமரத்தடியில் கடுகளவில் ஒரு கருந்துளை பிறந்தது. மறுவாரமே மதிலுக்கு அந்தப் பக்கம் தங்கை அஞ்சம்மாள் கொல்லையிலும் ஒன்று பிறந்தது. வயலெல்லாம் பிளாட்டான வருஷம், அந்த மதில் எங்கே வரவேண்டும் என்ற சண்டையில் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள் இருவரும். கங்கையம்மாள் கருந்துளைக்குத் தீனி போட்டு ஊரையே கூட்டியது ஒன்றே ஒன்றுக்காகத்தான்: தங்கை ஒரு தரமாவது மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டும். அஞ்சம்மாளோ பார்க்காமலே, வீம்புக்குத் தன்னுடையதை வளர்த்தாள்.

போட்டதையெல்லாம் தின்றன. புளியங்கோது, தென்னைமட்டை, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விலைபோகாத நாற்காலிகள். விழுகிற பொருள் சுழன்று சூடேறி வெள்ளையாய் எரியும். கரண்ட் போனால் தெருப் பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில்தான் பரீட்சைக்குப் படித்தார்கள். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பௌதிகம் நடத்திய லக்ஷ்மிநாராயணன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடாமலே உள்ளே ஓடிவந்தார். பிரபஞ்சம் பச்சைக்குழந்தையாக இருந்தபோதே நூறு கோடிச் சூரியன் எடையில் கருந்துளைகள் இருந்தது எப்படி, வளர நேரமே போதாதே என்று தூக்கம் கெட்டவர் அவர். அவசரப்பட்டுத் திணித்தால் எரிகிற வெளிச்சமே அடுத்த கவளத்தை வெளியே தள்ளிவிடும், இது பூசணிக்காய் அளவாவதற்குள் பேரப்பிள்ளைகள் காலம் வந்துவிடும் என்று கணக்குச் சொன்னார். அதே மாதிரி, கங்கையம்மாள் தள்ளிய பழைய பீரோவை வெளிச்சம் தூக்கி எதிர்வீட்டு மாடியில் வைத்தது.

ஆடியில் கணக்கு தவிடுபொடியானது. இரண்டு கருந்துளைகளும் மதிலுக்கு மேலே எழும்பி ஒன்றையொன்று சுற்ற ஆரம்பித்தன. வட்டம் சுருங்கச் சுருங்க வேகம் கூடியது. மாடம்பாக்கம் முழுக்க எவர்சில்வர் பாத்திரங்கள் அதிர்ந்தன, கோயில் மணி தானாக அடித்தது, ஜனம் எல்லாரும் கூரைமேல் ஏறி நின்று கைதட்டினோம். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. மதிலையும் அஞ்சம்மாள் சமையற்கட்டையும் விழுங்கிக்கொண்டு இரண்டும் ஒன்றாகி, கிணறு அகலத்துக்கு இறங்கி உட்கார்ந்தன. வாய் பெரிதாகிவிட்டதால் இப்போது பீரோவும் ஒரே கவளம்தான்.

லக்ஷ்மிநாராயணன் வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் குதித்தார். "தின்னு மட்டும் வளரல சார், ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தும் வளர்ந்திருக்கு" என்று முன்பின் தெரியாதவர்களையெல்லாம் கட்டிக்கொண்டார்.

புழுதி அடங்கியபோது மதில் இல்லை. இந்தக் கரையில் அக்கா, அந்தக் கரையில் தங்கை.

"சாப்ட்டியாடி?" என்றாள் கங்கையம்மாள்.

"எங்க சாப்புட்றது? அடுப்பையும் துன்னுட்ச்சிக்கா."

"எங்கூட்ல உல கொதிச்சிகினு கீது. வா."

அஞ்சம்மாள் கருந்துளையைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்தாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் ஒரே உலைதான். கருந்துளை நடுவில் அப்படியே இருக்கிறது; துணி காயப்போடும் கொடியை மட்டும் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள்.