சிவப்புத் தொப்பி வரும்வரை

பல்செட் செய்கிறவருக்கு ஒரு வசதி உண்டு. அவர் கையில் எடுக்கிற வாய் எதுவும் பேசாது. இந்த ஊருக்குக் குடிவந்து மாதக்கணக்கில் ஆகியும், பட்டறை ஜன்னலோரம் உட்கார்ந்து, மெழுகுத் தாடைகளைச் சுரண்டிக்கொண்டு அவர் சௌக்கியமாகத்தான் இருந்தார். அவருடைய அக்காவுக்குத்தான் அது பொறுக்கவில்லை.

"இப்படியே உக்காந்திருந்தா உனக்குப் பாசி பிடிச்சிடும்டா," என்றாள் போனில். "நாலு மனுஷங்களோட பழகு. முடியலைன்னா சொல்லு, நானே வந்து உன்கூட இருந்துடறேன். கிளியையும் கொண்டு வர்றேன்."

அக்கா பேசுவாள். பேசியதைக் கிளி திருப்பிச் சொல்லும். ஊருக்கு வெளியே ஞாயிறுதோறும் வயல்வழியாக நடக்கப் போகிற குழு ஒன்றில் மறுநாளே பெயர் கொடுத்துவிட்டார். அக்கா அதையும் நம்பவில்லை.

"கூட்டத்தோட நிக்கற மாதிரி போட்டோ வரணும். வரலைன்னா திங்கட்கிழமை பஸ் ஏறிடுவேன்."

ஞாயிறு காலை, தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்குகிற இடத்தில் குழு கூடியது. தலைவர் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவர் வாயைத் திறந்ததுமே பல்செட்காரர் கண்டுகொண்டார். அந்த மேல்வரிசை தன் கைவேலை. இவ்வளவு பேசப்போகிற வாய் என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்கமாகச் செய்திருக்கலாம்.

"நம்மகிட்ட ஒரே ஒரு சட்டம்தான்," என்றார் தலைவர். "பாதை பிரியற இடத்துல எனக்கு அடுத்து வர்ற ஆள் நின்னுடணும். பின்னாடி வர்றவங்களுக்கு வழி காட்டணும். கடைசியா நர்சம்மா வருவாங்க, சிவப்புத் தொப்பி போட்டுக்கிட்டு. இன்னும் வந்து சேரலை. அந்தத் தொப்பி வந்தப்புறம்தான் நகரணும். அதுவரைக்கும் இடியே விழுந்தாலும் அசையக் கூடாது."

"இடி விழுந்தா எப்படிங்க அசையறது?" என்றார் பேக்கரிக்காரர்.

"அதுக்குத்தான் பாலிசி எடுங்கன்னு சொல்றேன்."

புது ஆள் என்பதால் பல்செட்காரரைத் தலைவர் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அவர் எப்போது செத்தால் எவ்வளவு லாபம் என்று வழிநெடுக விளக்கினார். வேலியோரம் பாதை இரண்டாகப் பிரிந்தது. "இங்கேயே நில்லுங்க," என்று சொல்லிவிட்டுத் தலைவர் போனார். வாழ்க்கையில் எந்தக் கட்டளைக்கும் பல்செட்காரர் இத்தனை சந்தோஷமாகக் கீழ்ப்படிந்ததில்லை.

குழாயைத் திறந்துபோட்டது யார் என்று சண்டை போட்டபடி பேக்கரிக்காரரும் மனைவியும் வந்தார்கள். பல்செட்காரர் இடப்பக்கம் கை காட்டினார். இன்னும் சிலர் வந்தார்கள், போனார்கள். வெகுநேரம் கழித்து, நரைத்த தலையோடு ஒரு அம்மாள், முதுகுக்குப் பின்னால் கைகளைக் கோத்துக்கொண்டு மெதுவாக வந்தாள். அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். அவர் கை காட்ட, அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

பிறகு யாரும் வரவில்லை.

புல்லின் மேல் காற்று போகிற சத்தம் மட்டும் இருந்தது. ஒரு பசு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. அதற்கு மேல்தாடையில் முன்பற்களே கிடையாது. அதைப் பற்றி அது கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. யாரோ ஒருவர் வருவார் என்று நம்பி ஓரிடத்தில் நிற்பதும் ஒருவகையில் பழகுவதுதான் என்று அவருக்குத் தோன்றியது. அக்காவிடம் சொன்னால் சிரிப்பாள்.

அக்கா என்றதும் போட்டோ நினைவு வந்தது. நடை முடிகிற டீக்கடை வாசலில் இந்நேரம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கிளம்பிப் போனால், வந்த அன்றே சட்டத்தை மீறியவரை அடுத்த வாரம் யார் சேர்ப்பார்கள்? நின்றால், கிளி. ஒரு அடி எடுத்து வைத்தார். அதே அடியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

வெயில் உச்சிக்கு ஏறும்போது மொத்தக் குழுவும் அவரைத் தேடித் திரும்பி வந்தது.

"ஏங்க, என்னங்க இங்கேயே நிக்கறீங்க?" தலைவருக்கு மூச்சு வாங்கியது. "டீ குடிச்சு, போட்டோவும் எடுத்து முடிச்சாச்சு!"

"சிவப்புத் தொப்பி இன்னும் வரலைங்களே."

எல்லாரும் நரைத்த தலை அம்மாளைப் பார்த்தார்கள். அவள் பையிலிருந்து சிவப்புத் தொப்பியை மெல்ல வெளியே எடுத்தாள்.

"வேர்த்துச்சு. கழட்டிட்டேன். நான் தாண்டினப்புறமாவது வந்திருக்கலாமே நீங்க?"

"தொப்பி இல்லையேம்மா."

"நான் என்னவோ, நீங்க ஒதுங்கறதுக்கு ஆள் போகட்டும்னு நிக்கறீங்கன்னு நினைச்சேன். அதான் மரியாதைக்குத் திரும்பியே பாக்காம போனேன்."

தலைவர் சிரித்த சிரிப்பில் மேல்வரிசை லேசாக நழுவியது. பல்செட்காரரின் கட்டைவிரல் தானாக முன்னே நீண்டது. நல்லவேளை, அடக்கிக்கொண்டார்.

நர்சம்மா சிரிக்கவில்லை. "எனக்கு முட்டி போச்சு. இந்தத் தொப்பிக்கு ஆள் தேடிட்டே இருக்கேன். யாருகிட்ட குடுத்தாலும் பாதி வழியில பேச்சுக்கு ஆசைப்பட்டு முன்னாடி ஓடிடறாங்க. இவரு ஓட மாட்டாரு." சொல்லிவிட்டுத் தொப்பியை அவர் தலையில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினாள்.

போட்டோவை அங்கேயே மறுபடி எடுத்தார்கள். அன்று மாலையே அக்கா கூப்பிட்டாள்.

"எல்லாரும் ஒட்டி நிக்கறாங்க. நீ மட்டும் ஏன்டா மாட்டுப் பக்கத்துல நிக்கற?"

"அதுதான்க்கா என் இடம்."

"அடுத்த வாரமும் போவியா?"

"போகாம எப்படிக்கா? நான் வராம அங்க யாரும் நகரக் கூடாது."

அக்கா பதில் சொல்ல மூச்சை இழுத்தாள். கிடைத்த இடைவெளியைக் கிளி விடவில்லை.

"பாசி பிடிச்சிடும்டா!" என்றது.